சாட்சிக்கு வைத்த டான்சில்

நாத்தனார் வாயால் அண்ணிக்கு நல்ல பெயர் கிடைப்பது அபூர்வம். அதுவும் என்னைப் போன்ற நாத்தனார். நான் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பதினாறு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து “பிரேக், பிரேக்னு சொன்னேன்ல!” என்று கத்திக் கத்தியே தொண்டை கரகரத்துப் போனவள். யாரையும் புகழ்ந்து பழக்கமில்லை. ஆனாலும் என் அண்ணியைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். அண்ணனிடம் விட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஏறுது, இறங்குது என்பதற்கு மேல் அவனிடம் பேச்சு வராது.

அண்ணிக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் திசு ஆய்வுக்கூடத்தில். அங்கே எல்லோரும் அவளை மெழுகக்கா என்று கூப்பிடுவார்கள். ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டு மருந்தில் ஊறி, மெழுகில் உறைந்து, பாதித் தீப்பெட்டி அளவு பிளாக்காக அவள் மேசைக்கு வரும். அதை இயந்திரத்தில் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றுவாள். ஒரு சுற்றுக்கு ஒரு சீவல் விழும். ஒரு தலைமுடியின் கனத்தை இருபது பேருக்குப் பங்கு போட்டால் ஒருவருக்கு எவ்வளவு கிடைக்குமோ, அவ்வளவுதான் அந்தச் சீவலின் கனம். மூச்சுக்காற்று பட்டாலே பறந்துவிடும் என்பதால் சுற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். சீவலைத் தூரிகை நுனியால் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுவாள். சுருக்கம் தானாக நீங்கும். பிறகு அடியிலிருந்து கண்ணாடி ஸ்லைடால் ஏந்தி எடுப்பாள்.

இவ்வளவு நுணுக்கமாகச் சீவுகிறவள் வீட்டில் வெங்காயம் நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் கட்டைவிரல் பருமன் இருக்கும். அண்ணன் முகத்தைச் சுளித்தால், “ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுங்க” என்பாள்.

அவள் அப்பா பஸ் டிப்போவில் எழுத்தர். மகள் நர்ஸாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒரு மாதம் பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டாளாம். “அழற ஆளைப் பார்த்தா நானும் சேர்ந்து அழுதுடுறேன். துண்டு அழாது” என்று சொல்லி ஆய்வுக்கூடப் படிப்பில் சேர்ந்தாள். இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வந்தவள், இருபத்து நான்கு வருடமாக அதே மேசையில் இருக்கிறாள். சேர்ந்த புதிதில் ஒரு தடவை, மிளகு அளவே இருந்த ஒரு துண்டைத் தேவைக்கு மேல் சீவிவிட்டாள். கடைசியில் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த ஆளுக்கு இன்னொரு முறை ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டி வந்தது. “திரும்பப் போய் இன்னொண்ணு குடுங்கன்னு கேக்கற பொருளா அது?” என்று இன்றைக்கும் சொல்வாள். அதற்குப் பிறகு அவள் கையில் ஒரு பிளாக்கும் வீணாகவில்லை.

அவளுடைய பிடிவாதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் இந்தக் கதையே நடந்தது.

சில பரிசோதனைகளில் சீவலுக்குச் சாயம் ஏற்றுவார்கள். நோய் எதிர்ப்புச் செல் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும், மற்றதெல்லாம் நீலம். ஒரு ஸ்லைடில் பழுப்பே இல்லை என்று வையுங்கள். எதிர்ப்புச் செல் இல்லையா, சாயம்தான் பிடிக்கவில்லையா? அதைத் தெரிந்துகொள்ளச் சாட்சிக்கு ஒன்று வேண்டும். நம் தொண்டையில் இருக்கும் டான்சில் முழுக்க எதிர்ப்புச் செல்தான். எப்போதோ யாருக்கோ ஆபரேஷன் செய்து எடுத்த டான்சிலிலிருந்து ஒரு சீவலைக் கூடவே வைத்துச் சாயம் ஏற்றினால் அதில் பழுப்பு வந்தே தீர வேண்டும். வராவிட்டால் சாயத்தில் கோளாறு. இந்தச் சாட்சியைத் தனி ஸ்லைடில் வைப்பவர்களும் உண்டு. அண்ணிக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு ஸ்லைடிலும், எண் எழுதியிருக்கும் முனைக்குப் பக்கத்தில், நகம் அளவுக்கு ஒரு டான்சில் சீவல் இருந்தாக வேண்டும். “எங்க வீட்ல நடந்ததுக்கு அடுத்த தெருக்காரர் சாட்சி சொன்னா எடுபடுமா?” என்பாள். நாளடைவில் ஆய்வுக்கூடத்துக்கே அதுதான் வழக்கம் என்று ஆகிவிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். மூன்று வருடம் முன்பு என் வயிறு உப்ப ஆரம்பித்தது. சீட் பெல்ட் இறுக்கியது. வாயுத் தொல்லை என்று நினைத்து இரண்டு மாதம் சீரகத் தண்ணீர் குடித்தேன். அண்ணிதான் ஒருநாள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து ஸ்கேனுக்கு இழுத்துப் போனாள். சினைப்பையில் புற்றுநோய், வயிற்றுக்குள்ளும் பரவியிருக்கிறது என்றார்கள். பத்தே நாளில் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு ஆறு தவணை மருந்து ஏற்ற வேண்டும். தலைமுடி கொட்டியது. எனக்குத் திருமணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டுக்கு மேல்தளத்தில் தனியாகக் குடியிருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணி என்னைக் கீழே கொண்டுவந்து, தன் அறையைக் காலி செய்து படுக்க வைத்தாள்.

என் துண்டுகள் அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போயின. அவள் அவற்றைத் தொடமாட்டேன் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். சொந்தக்காரர்களின் துண்டைத் தொடக்கூடாது என்பது அங்கே விதி. எனக்கு அது பெரிய மனத்தாங்கல்.

“ஊருக்கெல்லாம் சீவறீங்க. எனக்குன்னா மட்டும் கை வரமாட்டேங்குதா அண்ணி?”

“உன்னோடதைப் பார்த்தா நான் டெக்னீஷியனா இருக்கமாட்டேன் பாப்பா. அண்ணியாயிடுவேன்.”

எனக்கு நாற்பத்தொரு வயது. அந்த வீட்டில் இன்னும் நான் பாப்பாதான்.

என் பிளாக்குகள் லெஃப்ட் சாரின் மேசைக்குப் போயின. ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கியிருந்த மூத்த டெக்னீஷியன் அவர். அங்கே இடதுகைப் பழக்கம் உள்ள ஒரே ஆள் என்பதால் அந்தப் பெயர்.

அந்தச் சமயத்தில் அங்கே ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. சினைப்பைப் புற்றுநோயில் எதிர்ப்புச் செல்கள் என்ன செய்கின்றன என்பதுதான் கேள்வி. துறைத் தலைவரான மேடம் நடத்திய ஆய்வு. முந்தைய வருடங்களில் வந்த பிளாக்குகளையும் அதில் சேர்த்திருந்தார். அவருக்குக் கீழே ஒரு சின்ன டாக்டர் இருந்தார். என்னிடம் சம்மதக் கையெழுத்து வாங்க வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

“நம்ம உடம்புல டி செல்னு ஒரு வகை இருக்கும்மா. கட்டி செல்லைப் பார்த்தா கொல்லக்கூடியது. அது கட்டிக்குள்ள நுழைஞ்சிருந்தா நல்ல அறிகுறி. அப்படிப்பட்டவங்க பெரும்பாலும் கூடுதல் காலம் நல்லா இருக்காங்க. வெளி ஓரத்துலயே நின்னுட்டா அவ்வளவு நல்லதில்ல. இன்னொரு வகை இருக்கு, கண்டதையும் விழுங்கற செல். அதுவும் நம்ம ஆளுதான். ஆனா அதுல கொஞ்சம் பேர் கட்டியோட பேச்சைக் கேட்டு அதுக்கே காவல் நிக்க ஆரம்பிச்சிடுவாங்க. டி செல்லை உள்ள விடமாட்டாங்க.”

“வேலியே பயிரை மேயுதுன்னு சொல்லுங்க.”

“அதேதான்!” என்று எழுதிக்கொண்டார். எதற்கு எழுதிக்கொண்டார் என்று தெரியவில்லை.

ஆய்வில் என் எண் நாற்பத்தேழு. சம்மதத் தாளின் நகலைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன். இந்த ஆய்வால் என் மருந்து மாறப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் மனசு கேட்குமா? நான்காம் தவணைக்குப் போனபோது சின்ன டாக்டரை வழிமறித்தேன். விதிப்படி சொல்லக் கூடாது என்று நழுவப் பார்த்தார். லைசென்ஸ் பரீட்சைக்கு முன்னால் என் மாணவிகள் என்னிடம் எவ்வளவு கெஞ்சுவார்களோ, அதைவிட இரண்டு மடங்கு கெஞ்சினேன்.

“நாற்பத்தேழுதானே? உங்களோடது ஸ்பெஷல்மா. மெஷின் முந்நூத்திப் பன்னெண்டுன்னு எண்ணியிருக்கு. பெரும்பாலானவங்களுக்கு நாற்பது, அம்பதுதான். உங்களுக்குக் கட்டிக்குள்ளயே முகாம் போட்டு உக்காந்திருக்காங்க.”

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. மொட்டைத் தலையோடு வரவேற்பறைக் கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே சிரித்தேன். வாந்திக்கு நடுவிலும் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டேன். என் மாணவிகள், மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் என்று ஒருவர் பாக்கியில்லை. அண்ணன்கூட அன்று தொடர்ச்சியாக மூன்று வாக்கியம் பேசினான். அண்ணி என் தலையைத் தடவி, “ரொம்ப நல்லது பாப்பா” என்றாள். அவள் அந்த ஸ்லைடைப் பார்த்திருக்கவில்லை.

அடுத்து நடந்ததை லெஃப்ட் சார் பிற்பாடு எனக்குச் சொன்னார். மாநாட்டுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, ஆய்வு முடிவுகளை ஆள் உயரப் போஸ்டராக அடித்து, சரிபார்ப்பதற்காக வராந்தாச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நட்ட நடுவில் பெரிதாக ஒரு வண்ணப்படம். உருண்டை உருண்டையாக நீல வட்டங்கள், அவற்றைச் சுற்றிலும் நெருக்கமாகப் பழுப்புப் புள்ளிகள். கீழே ‘எண் 47’ என்று போட்டிருந்தது. அண்ணி மதியச் சாப்பாட்டு டப்பாவோடு அந்த வழியாக வந்தாள்.

“என்ன மெழுகக்கா, உங்க வீட்டு ஆள் போஸ்டர்ல வந்துட்டாங்களே!” என்றார் லெஃப்ட் சார்.

அண்ணி படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். ஓரத்தில் ஓடிய பட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“சார், இது நம்ம டான்சில்.”

ஊர் முழுக்கத் தண்டோரா போட்டேனே, எனக்குள் முகாம் போட்டிருந்த அந்தப் படை, யாரோ ஒரு பிள்ளையின் தொண்டையிலிருந்து வந்தது.

எப்படி நடந்தது என்றால் இப்படித்தான். பெட்டியில் ஸ்லைடுகளை எண் முனை வலப்பக்கம் வரும்படி அடுக்கியிருப்பார்கள். மற்றவர்கள் வலது கையால் எண் முனையைப் பிடித்து எடுப்பார்கள். லெஃப்ட் சார் இடது கையால் மறுமுனையைப் பிடித்து எடுப்பார். சாட்சித் துண்டை முதலில், விரலுக்குப் பக்கத்தில் ஏந்துவது எல்லோருக்கும் பழக்கம். ஆக, மற்றவர்களின் டான்சில் எண்ணுக்குப் பக்கத்தில் வரும், இவருடையது எதிர்முனையில் வரும். கண்ணால் பார்த்துச் சொன்ன காலத்தில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. டான்சில் எங்கே இருந்தாலும் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் இந்த ஆய்வுக்குப் புதிதாக ஓர் எண்ணும் இயந்திரம் வந்திருந்தது. எண் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடு, மீதியில் பத்து இடத்தை எண்ணு என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடு. அதில் லெஃப்ட் சாருடையவை பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதிலும் இயந்திரம் டான்சிலையும் சேர்த்தே எண்ணியிருந்தது. என் ஸ்லைடில் போதாக்குறைக்கு டான்சில் சீவலும் கட்டிச் சீவலும் ஏந்தும்போது ஒட்டி, ஒரே துண்டுபோல் ஆகியிருந்தன.

அண்ணி என் துண்டைத் தொடாமல் விலகியதால்தான் அது லெஃப்ட் சாரிடம் போனது. விதி அவளை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது, பாருங்கள்!

அண்ணி சாப்பாட்டு டப்பாவை ஜன்னலில் வைத்தாள். அதே டான்சில் பிளாக்கிலிருந்து தான் சீவியிருந்த வேறு நான்கு ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டாள். நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். சின்ன டாக்டரும் அங்கே இருந்தார்.

“ஒன்பது நாள்ல மாநாடு. இப்ப வந்து சொல்றீங்க?” என்று மேடம் சீறினாராம். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“இப்பத்தான் மேடம் படத்தைப் பார்த்தேன். எங்ககிட்ட யாரும் காட்டல.”

சின்ன டாக்டர் விடவில்லை. “கட்டிக்குள்ளயே இந்த மாதிரி வட்டமா சேரும். கட்டுரைகள்ல இருக்கு. அதனாலதான் இதை முக்கியமான படமா போட்டோம்.”

“சேரும் சார். நானும் பார்த்திருக்கேன். ஆனா அங்க தோல் இருக்காது. இந்த ஓரத்தைப் பாருங்க, பட்டையா போகுதே, அது தொண்டைத் தோல். இந்த மடிப்பைப் பாருங்க. இப்ப என் ஸ்லைடுல அதே மடிப்பைப் பாருங்க. ஏழு மாசமா இந்த டான்சிலைச் சீவறேன் சார். எங்க வீட்டு வாசப்படி மாதிரி தெரியும் எனக்கு.”

மேடம் நான்கு ஸ்லைடுகளையும் ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பார்த்து முடித்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

“நாற்பத்தேழு உங்க நாத்தனார்தானே?”

“ஆமா மேடம்.”

“தெரிஞ்சுதான் வந்தீங்களா?”

“தெரிஞ்சதாலதான் சாப்பிடாமக்கூட வந்தேன். ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டிருந்தா எனக்கு வாய் வந்திருக்காது.”

இதைச் சொல்லும்போது லெஃப்ட் சாரின் கண் கலங்கியது. அறைக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டதை அவர் மறைக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அண்ணி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

“யாரோ ஒரு பிள்ளையோட தொண்டையா?”

“ஆமா.”

“அப்ப முந்நூத்திப் பன்னெண்டுல என்னோடது எத்தனை?”

“தெரியல பாப்பா. திரும்ப எண்ணணும். கொஞ்சமாத்தான் இருக்கும்னு தோணுது.”

கஞ்சிக் கிண்ணம் சுவரில் போய் விழுந்தது. நான்தான் எறிந்தேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். “மருந்து முடியற வரைக்குமாவது விட்டு வச்சிருக்கலாம்ல? ரெண்டே மாசம்! எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானே? உங்க நேர்மையை உங்க மெழுகுல போட்டு உறைய வச்சுக்குங்க!”

“நாளைக்கு வேற யார் வாயிலயாவது கேட்டா உனக்கு இன்னும் வலிக்கும்” என்றாள். குனிந்து கிண்ணத்தின் சில்லுகளைப் பொறுக்கினாள்.  ஒரு சில்லு அவள் விரலைக் கிழித்ததைப் பார்த்தேன். பார்த்தும் கல்நெஞ்சோடு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அன்றே தலையணையைத் தூக்கிக்கொண்டு என் மேல்தளத்துக்கு ஏறிவிட்டேன். ஐந்து நாள் பேச்சு வார்த்தை கிடையாது. சாப்பாட்டோடு அண்ணன்தான் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். ஆயுள் முழுக்க லிஃப்ட்டோடு பழகியவன், கடைசியில் தானே லிஃப்ட்டாகிவிட்டான். எனக்கு அண்ணிமேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது பயம். செத்துப்போவேனோ என்ற பயம். அந்த எண் இருந்தவரை அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. இப்போது எழுந்து அறை முழுக்க நடந்தது.

ஐந்தாம் தவணைக்கு அண்ணனோடு போனேன். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது சின்ன டாக்டர் மன்னிப்புக் கேட்க வந்தார். முகம் வாடியிருந்தது.

“நான் சொல்லியிருக்கவே கூடாதும்மா. தப்பு என்னோடது.”

“அதை விடுங்க. எங்க அண்ணி வாயை மூடிட்டு இருந்திருந்தா யாருக்கு என்ன குடி முழுகிப் போயிருக்கும்?”

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “பத்தொன்பது பேருக்குப் பொய்யா எண் ஏறியிருந்துதும்மா. அதுல சிலருக்கு நோய் திரும்பி வந்திருச்சு. அதனால எங்க முடிவு எப்படி வந்துச்சு தெரியுமா? டி செல் கட்டிக்குள்ள நிறைய இருந்தாலும் பெரிசா பிரயோஜனம் இல்லைன்னு. மத்த ஊர்கள்ல கண்டுபிடிச்சதுக்கு நேர்மாறா. நாங்க அதைப் புதுசுன்னு நினைச்சுப் பெருமைப்பட்டோம். இதை வச்சுத்தான் அடுத்த ஆய்வு. இந்த செல்களைத் தட்டி எழுப்பற மருந்தை யாருக்குக் குடுத்துப் பார்க்கிறது, யாருக்கு வேண்டாம்னு. எத்தனை பொண்ணுங்க தப்பான வரிசையில நின்னிருப்பாங்களோ.”

“பின்னாடி நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க.”

“சத்தியமா மாட்டோம். டான்சிலைப் பார்த்ததும் இது டான்சில்னு சொல்ற கண்ணு எங்களுக்கு இல்ல. அவங்களுக்குத்தான் இருக்கு.”

அவர் போன பிறகு நான் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேகமானி பொய் காட்டும் காரை எந்த மாணவியிடமாவது கொடுப்பேனா? அவள் மனசு நோகக் கூடாதே என்று ஓட்டவிடுவேனா? கொன்றாலும் மாட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொள்ளக் காரணம் இருந்த ஒரே ஆள் என் அண்ணி. அந்தக் காரணம் நான். என்னைத் தினமும் குளிப்பாட்டி, வாந்தி அள்ளி, தன் அறையைக் கொடுத்தவள், என் சந்தோஷத்தைத் தன் கையாலேயே எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தாள். முகம் தெரியாத பெண்களுக்காக எடுத்தாள். அதைச் சொல்லவும் வேறு யாரையும் அனுப்பாமல் அவளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

எனக்கு அழுகையும் கர்வமும் சேர்ந்து வந்தன. அடுத்த நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த பெண்மணி ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். “கீழ்த்தள லேப்ல ஒரு பெரிய தப்பைக் கண்டுபிடிச்சாங்களே கேள்விப்பட்டீங்களா? கண்டுபிடிச்சது எங்க அண்ணி!” என்றேன். அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. விடாமல் முழுக் கதையையும் சொன்னேன். நர்ஸுக்குத் தனியாக ஒரு தடவை சொன்னேன். அண்ணன் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, “சரியாச் சொன்ன பாப்பா” என்றான். அன்றைய அவன் கோட்டா அதோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தலையணையோடு கீழே இறங்கினேன். அண்ணி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் கட்டைவிரல் பருமன்.

“கிண்ணத்துக்கு என்ன விலைன்னு சொல்லுங்க, வாங்கித் தந்துடறேன்” என்றேன். மன்னிப்பு என்ற சொல் என் வாயில் அவ்வளவு சுலபமாக வராது.

“முதல்ல வந்து இதை நறுக்கு. கண்ணு எரியுது” என்றாள். அவள் கண் வெங்காயத்தால் மட்டும் சிவக்கவில்லை. எங்கள் சமாதானம் அவ்வளவுதான்.

பத்தொன்பது ஸ்லைடுகளையும் இயந்திரத்தை நம்பாமல் கண்ணால் எண்ணினார்கள். பதினெட்டை அண்ணி எண்ணினாள். இடது கையில் எண்ணும் கருவியை அமுக்கிக்கொண்டே, வலது கையால் ஸ்லைடை நகர்த்தி, மூன்று நாள். நாற்பத்தேழாம் எண்ணை அவள் தொடவில்லை. மேடம் ஒருமுறை, சின்ன டாக்டர் ஒருமுறை, ஒருவர் எண்ணியது மற்றவருக்குத் தெரியாமல் எண்ணினார்கள். பழைய போஸ்டரைக் கிழித்துப் போட்டுப் புதிதாக அடித்தார்கள். முடிவே தலைகீழாக மாறியிருந்தது. டி செல் உள்ளே நுழைந்திருந்தவர்கள்தான் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். போஸ்டரின் உச்சியில் டாக்டர்களின் பெயர் வரிசையில் ஏழாவதாக அண்ணியின் பெயர் இருந்தது. பட்டம் எதுவும் இல்லாமல் வெறும் பெயராக இருந்தது. நான் அதைப் போட்டோ எடுத்து என் பயிற்சிக் காரின் முன்கண்ணாடி ஓரம் மாட்டிவைத்தேன். லெஃப்ட் சார், “முப்பது வருஷமா இந்தக் கையை யாரும் திருத்தல. ஒரு மெஷின் வந்து திருத்துது” என்று சிரித்துக்கொண்டே, தன் பெட்டியில் ஸ்லைடுகளைத் திருப்பி அடுக்கிக்கொண்டார்.

மாநாட்டுக்கு முந்தின நாள் மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். “உங்க எண். ஒரு தடவை தப்பா சொல்லிட்டோம். சரியானதைத் தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. வேண்டாம்னா பிரிக்க வேண்டாம். இதை மட்டும் வச்சு யாரோட ஆயுசையும் சொல்ல முடியாது, அதை மனசுல வச்சுக்குங்க” என்றார்.

உறையை எடுத்துக்கொண்டு நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். மதிய வெயில் ஜன்னல் வழியாக மேசைகளில் விழுந்திருந்தது. உருகிய மெழுகின் வாசனை. அண்ணி இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க பார்த்தீங்களா அண்ணி?”

“இல்ல பாப்பா.”

“எண்ணி முடிச்சாச்சு. இப்ப பார்க்கலாம்ல?”

அவள் மேடத்தின் அறைப் பக்கம் பார்த்தாள். கதவருகே நின்ற மேடம் தலையசைத்தார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப் ஒன்று அங்கே உண்டு. அண்ணி ஸ்லைடை எடுத்து வைத்தாள். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதலில் டான்சில் வந்தது. பழுப்பும் நீலமுமாக, திருவிழாக் கூட்டம்போல் நெருக்கியடித்துக்கொண்டு. அண்ணி அதில் நிற்காமல் தாண்டினாள்.

“இதான் உன்னோட கட்டி.”

நீலம். எங்கே பார்த்தாலும் நீலம். குறித்துவைத்த பத்து இடங்களில் ஒவ்வொன்றாக நகர்த்தினாள். முதல் இடத்தில் ஒன்றுமே இல்லை.  இரண்டாவது இடத்தில் அவள் கை நின்றது. ஒரே ஒரு பழுப்புப் புள்ளி, நீலத்துக்கு நடுவில், தன்னந்தனியாக.

“இதோ ஒண்ணு” என்றாள் அண்ணி. அழுகிறவர்களைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்றவள், என் முகத்தைப் பார்க்காமலேயே அழுதுகொண்டிருந்தாள். குரலில் தெரிந்தது.

அடுத்த இடத்தில் இரண்டு. அதற்கடுத்து மறுபடி ஒன்றுமில்லை. நான் வாய்விட்டு எண்ணினேன். பத்தாவது இடம் முடிந்தபோது பதினான்கு. உறையைப் பிரித்தேன். பதினான்கு என்றுதான் எழுதியிருந்தது.

“கம்மிதானே அண்ணி?”

“கம்மிதான்.”

“இந்தப் பதினாலும் என்னோடதுதானா?”

அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். ஈரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மறுபடி குனிந்து, பத்து இடங்களையும் முதலிலிருந்து ஒருமுறை நகர்த்திப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். பார்த்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்னோடதுதான் பாப்பா. ஒண்ணுகூட விடாம.”

சொன்னது என் அண்ணி. அதனால் நம்பினேன்.